சிவப்பு மை

ஆசிரியர் கற்பிப்பவர், மாணவர் கற்பவர் என்று உலகம் கூறும். பல்லாண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்ற எனக்கு அக்கூற்றில் பாதியே உண்மை என்று தோன்றுகின்றது. ஆசிரியரும் வகுப்பறையில் கற்கின்றார். சில வேளைகளில் மாணவரைவிட மிகுதியாகவே கற்கின்றார். அவ்வாறு நான் கற்ற பாடம் ஒன்றை இங்கே கூற விரும்புகின்றேன். அதனை எனக்குக் கற்பித்தவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

நான் பணியில் அமர்ந்த பள்ளி ஒரு சிற்றூர்ப் பள்ளி. அங்கே ஆண், பெண் இருபாலரும் பயின்றனர். பள்ளி நூல்நிலையத்தின் மூலையில் ஓர் அலமாரி இருந்தது. உலகப் பேரிலக்கியங்களின் தமிழாக்கங்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துப் படிப்பார் அரியர். 'பூட்டிய அலமாரியில் உறங்கும் நூலால் யாருக்கு என்ன பயன்?' என்று எண்ணினேன். வாரத்தில் ஒரு நாள், பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம், உலக இலக்கியம் ஒன்றை மாணவரோடு படிப்பது என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியரும் மகிழ்ந்து இசைந்தார்.

முதன்முதலில் நான் தேர்ந்தெடுத்தது, பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ இயற்றிய பெருநாவல். ஹ்யூகோ 1802-இல் பிறந்து 1885-இல் மறைந்தவர், கவிஞர், நாடக ஆசிரியர், அரசியலிலும் ஈடுபட்டவர். 1851-இல் லூயி நெப்போலியன் ஆட்சியைத் தம் கையில் கவர்ந்துகொண்டபோது, அதனை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறினார். கெர்ன்சி என்னும் சிறு தீவில் வாழ்ந்த காலத்தில் இந்நாவலை எழுதி முடித்தார். 1862-இல் அது வெளிவந்தது. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழை படும் பாடு' என்னும் பெயரால் தமிழுக்குத் தந்தார். 1950-இல் அது தமிழில் திரைப்படமாகவும் வந்தது. அப்படத்தில் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், பின்னர் 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பெற்றார்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சுருங்கக் கூறுகின்றேன். ஜீன் வால்ஜீன் ஓர் ஏழைத் தொழிலாளி. அவன் தமக்கைக்கு ஏழு குழந்தைகள். வேலையில்லாத குளிர்காலத்தில் அக்குழந்தைகள் பசியால் வாடின. அவன் ஒரு கடையின் கண்ணாடியை உடைத்து ஒரு ரொட்டியை எடுத்தான், பிடிபட்டான், சிறை சென்றான். 19 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தபோது, அவன் கையில் மஞ்சள் நிறச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. 'இவன் சிறையிலிருந்து வந்தவன்' என்பதை உலகுக்கு அறிவிக்கும் சீட்டு அது. அவன் யார் என்பதை அறிந்த விடுதிக்காரர் யாவரும் அவனைத் துரத்தினர். ஓர் ஆயர் மட்டும் தம் வீட்டில் உணவும் படுக்கையும் அளித்தார். அவனோ, நள்ளிரவில் அவர் வீட்டு வெள்ளிக் கரண்டி முதலியவற்றைத் திருடிக்கொண்டு ஓடினான். மறுநாள் காலையில் காவலர் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தனர். ஆயர் சினம் கொள்ளவில்லை. "இவற்றை நான்தானே உனக்குக் கொடுத்தேன்! விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, அவற்றை ஏன் விட்டுச் சென்றாய்?" என்னும் பொருள்படப் பேசி, இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் அவனிடம் அளித்தார். அன்று முதல் அவன் வாழ்வு மாறியது.

இக்கதையை நான் மாணவர்க்கு உருக்கமாக எடுத்துரைத்தேன். இரக்கத்தின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினேன். மாணவர் வாய் திறவாமல் கேட்டனர். இறுதியில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு பணித்தேன். மறுவாரம் 42 கட்டுரைகள் என் மேசைமேல் வந்து குவிந்தன.

அன்றிரவு அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். பத்துக் கட்டுரைகள் படிப்பதற்குள் எனக்குச் சலிப்பு உண்டாயிற்று. எல்லாவற்றிலும் நான் கூறிய சொற்களே இருந்தன. நான் காட்டிய உவமைகளே இருந்தன. கையெழுத்து மட்டும் வேறுவேறாக இருந்தது. மேலும், 'ஒரு ரொட்டியைத் திருடியதற்காக வால்ஜீனுக்கு 19 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது' என்று ஒவ்வொருவரும் எழுதியிருந்தனர். ஐயம் தோன்றி நூலைப் புரட்டிப் பார்த்தேன். திருட்டுக்காக விதிக்கப்பட்ட தண்டனை 5 ஆண்டுகளே. அவன் நான்கு முறை தப்பி ஓட முயன்றமையால் கூட்டப்பட்டவை 14 ஆண்டுகள். பேச்சின் வேகத்தில் நான் செய்த பிழை, 42 படிகளாகப் பெருகி என்னிடமே திரும்பி வந்திருந்தது. ஒருவர்கூட நூலைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்கும் தேவையை நான் உண்டாக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு என் முறையை மாற்றிக்கொண்டேன். கிரேக்க நாட்டுச் சாக்ரடீசு நூல் ஒன்றும் எழுதியவர் அல்லர். வினவி வினவியே இளைஞரைச் சிந்திக்கச் செய்தார் என்று அவர் மாணவர் பிளேட்டோ எழுதிய உரையாடல்களால் அறிகின்றோம். அவ்வழியில் ஒரு சிறு அடி எடுத்து வைப்போம் என்று துணிந்தேன். விசிப்பலகைகளை வட்டமாகப் போடச் செய்து, நானும் மாணவர் நடுவே அமர்ந்தேன். நூலின் முதன்மையான பகுதிகளை ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து நானே தமிழில் எழுதிப் படியெடுத்துக் கொடுத்தேன். மூன்று விதிகளையும் வகுத்தோம். எதைக் கூறினாலும் நூலில் அதற்குரிய இடத்தைக் காட்ட வேண்டும் என்பது முதல் விதி. பிறர் கருத்தை மறுக்குமுன், அவர் ஒப்பும்படி அதனை எடுத்துரைக்க வேண்டும் என்பது இரண்டாவது. கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வியாகாது என்பது மூன்றாவது.

முதல் நாள் நான் ஒரே ஒரு வினாவை எழுப்பினேன்: "ஆயர் காவலரிடம் கூறியது பொய்யா?"

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு ஒரு மாணவன் எழுந்தான். "பொய்தான், ஐயா. ஆயினும் தீமையற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் கூறுகின்றாரே!" என்றான். அதுவே என் கருத்தும் ஆகும். முந்திய ஆண்டில் நான் சொற்பொழிவாற்றியதும் அதுதான். பேச்சு அத்துடன் முடிந்துவிடும் என்று எண்ணினேன்.

முடியவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் தயங்கித் தயங்கி எழுந்தான். அவன் வகுப்பில் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. "ஐயா, காவலர் வருவதற்கு முன்பே, வெள்ளி திருட்டுப்போனது என்று வீட்டுப் பணிப்பெண் ஆயரிடம் முறையிடுகின்றாள். அந்த வெள்ளி நம்முடையதா என்று ஆயர் அவளைக் கேட்கின்றார். அது ஏழைகளுக்கு உரியது; நான்தான் நெடுநாளாகத் தவறாக வைத்திருந்தேன் என்கின்றார். வந்து போனவனும் ஏழைதானே? அப்படியானால், காவலர் வந்தபோது அது அவனுடைய பொருளாகவே ஆகிவிட்டது. ஆகையால் ஆயர் கூறியது பொய்யாகாது" என்றான்.

நான் திகைத்துப் போனேன். அப்பகுதியைப் பன்முறை படித்தவன் நான். என் கையாலேயே மொழிபெயர்த்தவன். ஆயினும் முன்னே உள்ள அப்பக்கத்தைப் பின்னே உள்ள பக்கத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

உடனே ஒரு மாணவி எழுந்தாள். "வெள்ளிக் கரண்டிகளைப் பற்றி நீ கூறுவது சரியே. விளக்குத் தண்டுகளின் செய்தி என்ன? அவற்றை அவர் முந்திய இரவு கொடுக்கவே இல்லை. மேலும், இந்தப் பணத்தைக் கொண்டு நேர்மையானவனாக வாழ்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கின்றாய், மறவாதே என்றும் ஆயர் கூறுகின்றார். தான் அப்படி ஒரு வாக்கும் கொடுத்ததாக வால்ஜீனுக்கு நினைவே இல்லை என்று ஆசிரியர் எழுதியிருக்கின்றாரே!" என்றாள்.

வகுப்பு முழுவதும் தாள்களைப் புரட்டும் ஓசை எழுந்தது. எனக்கு அது இன்னிசையாக இருந்தது. மணி அடித்த பின்னரும் ஒருவரும் எழுந்து செல்லவில்லை. கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாக ஆயர் கூறினார். வால்ஜீன் தன் வாழ்நாள் முழுவதும் அவ்வாக்கைக் காத்தான். அவ்வாறாயின் அது பொய்யா, மெய்யா? அன்று நாங்கள் முடிவு காணவில்லை. காணாமற்போனதே நன்று. வீடு செல்லும் வழியெல்லாம் மாணவர் அதனைப் பற்றியே பேசிச் சென்றனர்.

பேசினால் மட்டும் போதாது என்பதையும் விரைவில் உணர்ந்தேன். பேச்சில் ஓர் எண்ணம் மின்னலைப் போலத் தோன்றி மறையும். அதனைப் பிடித்து நிறுத்திச் சோதித்துப் பார்க்க எழுத்து வேண்டும். மோந்தேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1580-இல் தம் கட்டுரைகளை நூலாக வெளியிட்டபோது, 'முயற்சிகள்' என்னும் பொருள்படும் சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். தம் மனத்தைத் தாமே சோதித்துப் பார்க்கும் முயற்சி என்பது அவர் கருத்து. நம் தமிழிலோ 'கட்டுரை' என்னும் சொல் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் 'கட்டுரை காதை' என்று ஒரு பகுதியே உண்டு. சிதறிக் கிடக்கும் எண்ணங்களைக் கட்டி அமைப்பது கட்டுரை என்றும், எண்ணியது உண்மைதானா என்று முயன்று பார்ப்பது கட்டுரை என்றும் மாணவர்க்கு விளக்கினேன். முதற்படி எழுதி, அடித்தும் திருத்தியும், மறுபடியும் எழுதி வருமாறு பணித்தேன். எழுதியவற்றைத் தம்முள் மாற்றிப் படிக்கவும் செய்தேன்.

இவ்வாறு சில மாதங்கள் கழிந்தன. நாவலின் இறுதியை அடைந்தோம். ஜாவர் என்பவன் காவல் அதிகாரி. சட்டத்தையே தெய்வமாகக் கொண்டவன். வால்ஜீனை ஆண்டுக்கணக்காக விடாமல் துரத்தியவன். இறுதியில் ஒரு கலகத்தின்போது, ஜாவரைக் கொல்லும் வாய்ப்பு வால்ஜீனுக்குக் கிடைக்கின்றது. அவன் கொல்லாமல் விடுவிக்கின்றான். பின்னர் வால்ஜீனைச் சிறைப்படுத்தும் வாய்ப்பு ஜாவருக்குக் கிடைக்கின்றது. தன்னைக் காத்தவனைச் சிறையிடவும் அவனால் இயலவில்லை. கடமையை விட்டதைப் பொறுக்கவும் இயலவில்லை. சேன் ஆற்றில் வீழ்ந்து மடிகின்றான். 'ஜாவரின் வீழ்ச்சி' என்பதே அவ்வாரத்துக் கட்டுரைத் தலைப்பு.

கடைசி வரிசை மாணவனின் கட்டுரை என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவன் ஜாவரைப் பாண்டியன் நெடுஞ்செழியனோடு ஒப்பிட்டிருந்தான். பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான்; கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, தானே கள்வன் என்று அவையறியக் கூறி உயிர்விட்டான். பாண்டியன் தான் நீதி தவறியதைக் கண்டு மடிந்தான். ஜாவரோ, தன் நீதியைவிடப் பெரிய நீதி ஒன்று உண்டு என்பதைக் கண்டு மடிந்தான் என்று அம்மாணவன் எழுதியிருந்தான். 'தவறு கண்டவன் மடிவதால் யாருக்கு நன்மை? கோவலன் திரும்பி வரவில்லையே! தன் தவற்றை உணர்ந்தும் உயிரோடிருந்து, நாள்தோறும் அதனைத் திருத்தி வாழ்ந்தவன் வால்ஜீன். ஆகையால் மூவருள்ளும் அவனே பெரியவன்' என்று கட்டுரையை முடித்திருந்தான்.

இத்தகைய கட்டுரையைப் படித்த ஆசிரியன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்ததைக் கூற இன்றும் நாணுகின்றேன். அம்மாணவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வில் அடுத்தவனைப் பார்த்து எழுதிப் பிடிபட்டவன். ஆசிரியர் அறையில் அவன் பெயர் வரும்போதெல்லாம் அச்செய்தியும் உடன் வரும். அதுவே என் நினைவில் எழுந்தது. சிவப்பு மையைத் தொட்டு, கட்டுரையின் ஓரத்தில், 'யாரைப் பார்த்து எழுதினாய்?' என்று எழுதினேன். பார்வைக்கு அது வினாவைப் போல இருந்தது. உண்மையில் அது நான் ஆராயாமல் அளித்த தீர்ப்பு.

வழக்கம்போலக் கட்டுரைகள் கைமாறின. அவன் கட்டுரையைப் படித்த மாணவர் அச்சிவப்பு எழுத்துகளையும் படித்தனர். அவன் ஒன்றும் கூறவில்லை. அன்றைய உரையாடலில், மஞ்சள் சீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அக்கொடுமைக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். சட்டமே பொறுப்பு என்றனர் பலர். அப்போது அவன் எழுந்தான். என்னைப் பாராமல், கையிலிருந்த தாளைப் பார்த்தவாறே பேசினான்.

"சீட்டைக் கொடுத்தது சட்டந்தான், ஐயா. ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் மனிதர்கள். ஆயரிடம் வால்ஜீன் தானே அச்சீட்டைக் காட்டுகின்றான். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மற்றவர்களும் அவ்வாறே இருந்திருக்கலாம்."

இவ்வளவே கூறி அமர்ந்தான். குரலில் சினம் இல்லை. ஆனால் என் நெஞ்சில் அச்சொற்கள் தைத்தன. வாரந்தோறும் ஆயரைப் புகழ்ந்து பேசியவன் நான். என் கையிலேயே ஒரு மஞ்சள் சீட்டு இருந்ததையும், அதனை நான் படித்துக்கொண்டிருந்ததையும் அதுவரை அறியவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலையில் அவனை அழைத்து, "தம்பி, இக்கட்டுரையை எவ்வாறு எழுதினாய்? எனக்குக் காட்டுவாயா?" என்று கேட்டேன். அவன் பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தான். ஆறு பக்கங்கள் அடித்தலும் திருத்தலுமாக இருந்தன. 'பாண்டியன் ஏன் இறந்தான்?' என்று மூன்று இடங்களில் எழுதி, மூன்று விடைகள் தந்து, இரண்டை அடித்திருந்தான். ஓர் இளம் உள்ளம் தனியே போராடி வழி கண்ட சுவடுகள் அப்பக்கங்களில் தெளிவாகத் தெரிந்தன. தாயின் பழைய கடிதம் ஒன்றின் பின்புறத்திலும் சில வரிகள் இருந்தன. தாள் தீர்ந்துவிட்டது போலும்.

"என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் பதறி, "பரவாயில்லை, ஐயா" என்றான். ஆனால் தனியே மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்வது முறையாகுமா? என் சிவப்பு எழுத்தை வகுப்பு முழுவதும் படித்திருந்ததே! பாண்டியன் தன் பிழையை ஒரு மூலையில் ஒப்புக்கொள்ளவில்லை, அவையறியக் கூறினான். மறுவாரம் வட்டமாக அமர்ந்திருந்த மாணவர் முன்னிலையில் நான் எழுந்து நின்றேன். "நான் ஆராயாமல் ஒருவன்மீது பழி சுமத்தினேன். அக்கட்டுரை அவனுடையதே. தவறு என்னுடையது" என்று கூறினேன். பின்னர் அக்கட்டுரையை என் குரலிலேயே உரக்கப் படித்தேன்.

வகுப்பில் அமைதி நிலவியது. படித்து முடித்ததும், முன்பு விளக்குத் தண்டுகளைப் பற்றிப் பேசிய மாணவி எழுந்தாள். பாராட்டுவாள் என்று எண்ணினேன். "ஐயா, இதில் ஒரு கருத்தை நான் மறுக்கின்றேன். பாண்டியன் இறந்ததால் நன்மை இல்லை என்று கூற முடியாது. அரசனே ஆயினும் நீதிக்கு உட்பட்டவன் என்பதை அவன் முடிவால் அன்றோ உலகம் அறிந்தது?" என்றாள். அவன் முகம் மலர்ந்தது. உடனே தன் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினான். என் மன்னிப்பைவிட அவளுடைய மறுப்பே அவனுக்குப் பெருஞ்சிறப்பாயிற்று என்பதை அப்போது உணர்ந்தேன். அவன் கருத்தை அவனுடையது என்று ஏற்றுக்கொண்டதனால் அன்றோ அவள் அவனோடு வாதிட்டாள்!

அன்புள்ள மாணவர்களே! உலகப் பேரிலக்கியங்கள் எங்கோ தொலைவில், எவருக்காகவோ எழுதப்பட்டவை என்று எண்ணாதீர்கள். பிரெஞ்சு நாட்டு ஆயரும், மதுரை மன்னனும், சிற்றூர்ப் பள்ளி மாணவனும் ஒரே வகுப்பறையில் கூடி இருந்து பேச இயலும். நூலைத் திறந்து நீங்களே படியுங்கள். ஆசிரியர் கூறினார் என்பதற்காக எதனையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நண்பர் கூறினார் என்பதற்காக எதனையும் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வினவுங்கள். வினவியதை எழுதிப் பாருங்கள். எழுதியதை அடிக்க அஞ்சாதீர்கள். அடித்தெழுதிய ஒவ்வொரு வரியும் நீங்கள் ஒரு படி ஏறியதற்குச் சான்று.

சிவப்பு மையை நான் அதன் பின்னரும் பயன்படுத்தினேன். ஆனால் நல்ல கட்டுரை ஒன்றைக் காணும்போதெல்லாம், அதன் ஓரத்தில் நான் எழுதிய வினா வேறு. 'இதனை எவ்வாறு கண்டாய்?' என்பதே அது. அவ்வினாவுக்கு விடை கூறாத மாணவர் எவரையும் நான் கண்டதில்லை.